புலம்பெயர்ந்த சமன்பாடுகள்: ஒரு பற்றரிக்குள் 200 ஆண்டு வரலாறு

கனடாவிலோ நோர்வேயிலோ குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெளியே மைனஸ் 20 பாகை. போன் 30 சதவீதம் என்று காட்டுகிறது. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது திடீரென்று அணைந்துவிடுகிறது. வீட்டுக்குள் வந்து கொஞ்ச நேரம் சூட்டில் வைத்தால், சார்ஜ் ஏற்றாமலே மறுபடி வேலை செய்கிறது. அப்படியென்றால் அந்த 30 சதவீதம் எங்கும் போகவில்லை. உள்ளேதான் இருந்தது. ஆனால் வெளியே வர முடியவில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். முதல் 80 சதவீதம் விறுவிறுவென்று ஏறும் போன், கடைசி 20 சதவீதத்துக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுக்கிறது? பெற்றோல் காரை இரண்டு மூன்று நிமிடங்களில் நிரப்பிவிடலாம் என்றால், மின்சாரக் காரை ஏன் அப்படி நிரப்ப முடியவில்லை?

மூன்று கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அது ஒரு சிறிய சமன்பாட்டுத் தொகுதி. போன், மடிக்கணினி, மின்சாரக் கார் ஆகியவற்றின் பற்றரிகளை வடிவமைப்பவர்கள் இன்றும் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். சமன்பாடு என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரு குறியீடுகூட வராது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

நான் கணினித் துறையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். பொறியியல் முதுமாணிப் படிப்பின்போது முதன்முதலில் இந்தச் சமன்பாடுகளைப் பார்த்தேன். அப்போது என்னைக் கவர்ந்தது அவற்றின் கணக்கை விட அவற்றின் பூர்வீகம்தான். அவற்றில் ஒன்றுகூட இன்றைய பற்றரிக்காகப் பிறந்தது இல்லை. ஒன்று இரும்புத் துண்டின் வெப்பத்திலிருந்து வந்தது. ஒன்று உடற்கூற்று ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. ஒன்றின் கதை எட்டி மரத்தின் நஞ்சில் தொடங்குகிறது. எல்லாம் தங்கள் ஊரை விட்டு வந்து, வேறோர் இடத்தில் குடியேறி, அங்கே ஒரு புதிய குடும்பமானவை. நம் வீட்டுக் கதை மாதிரித்தான்.

முதலில், ஓர் இட்லி

பற்றரிக்குள் இரண்டு மின்வாய்கள் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் அவற்றை இரண்டு தகடுகளாக வரைந்திருப்பார்கள். ஒரு பாத்திரத்தில் திரவம், அதில் இரண்டு பக்கமும் இரண்டு தகடு. 1800ஆம் ஆண்டில் இத்தாலியின் வோல்ட்டா அடுக்கிய மின்கலத்துக்கு அந்தப் படம் ஓரளவு சரி. இன்றைய போனுக்குச் சரியில்லை.

இன்றைய மின்வாய் ஒரு தகடு அல்ல. அது ஓர் இட்லி மாதிரி. இட்லியைப் பிய்த்துப் பாருங்கள், உள்ளே எத்தனை துளைகள்! சாம்பாரில் போட்டால் அந்தத் துளைகள் வழியே சாம்பார் உள்ளே போகிறது. மின்வாயும் அப்படித்தான். மிக நுண்ணிய துகள்களை ஒட்டி ஒரு மெல்லிய படலமாகப் பூசியிருக்கிறார்கள். படலத்தின் தடிப்பு ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிப்பு. துகள்களுக்கு இடையே உள்ள துளைகளில் மின்பகுதிரவம் நிறைந்திருக்கிறது. லித்தியம் அயன்கள் அந்தத் திரவத்தில் நீந்தி வந்து, துகளின் மேற்பரப்பில் தாக்கம் புரிந்து, துகளுக்குள்ளே போய் அமர்கின்றன.

ஏன் இந்தத் துளைகள்? இரசாயனத் தாக்கம் நடப்பது திண்மமும் திரவமும் தொடும் இடத்தில் மட்டும்தான். தொடும் பரப்பு கூடினால் மின்னோட்டமும் கூடும். பிரான்ஸில் காஸ்தோன் பிளாந்தே 1859இல் ஈயத் தகடுகளை அமிலத்தில் வைத்து, மறுபடி மறுபடி ஏற்றி இறக்கக்கூடிய முதல் பற்றரியைச் செய்தார். அந்தத் தகட்டின் மேற்பரப்பு துளைகள் நிறைந்ததாக மாறும்வரை அவர் பலமுறை மின்சாரத்தை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. 1881இல் கமீல் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், ஈய ஒக்சைட்டைப் பசையாகக் குழைத்துத் தகட்டில் பூசிவிட்டார். பசை காய்ந்ததும் துளைகள் தாமாகவே கிடைத்தன.

ஆனால் துளைகள் ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்தன. தட்டையான தகட்டில் மின்னோட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டால் மேற்பரப்பைக் காட்டலாம். இட்லிக்குள் எங்கே நடக்கிறது? வெளி ஓரத்திலா, நடுவிலா, எல்லா இடத்திலும் சமமாகவா? இட்லியைச் சாம்பாரில் போட்டவுடன் எடுத்தால் ஓரம் நனைந்திருக்கும், நடு வெள்ளையாக இருக்கும். பற்றரியிலும் அப்படி நடந்தால், நாம் விலை கொடுத்து வாங்கிய பொருளில் பாதி சும்மா கிடக்கும். வெளியிலிருந்து அதைப் பார்க்க வழியில்லை. கணக்குத்தான் கண்ணாக வேண்டியிருந்தது.

தையற்காரரின் மகனும் வெப்பமும்

அந்தக் கணக்கின் முதல் துண்டு, பற்றரியைப் பற்றி யோசிக்காத ஒருவரிடமிருந்து வந்தது. ஜோசப் ஃபூரியே ஒரு தையற்காரரின் மகன். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். நெப்போலியனுடன் எகிப்துக்குப் போய் வந்து, பிறகு கிரெனோபிள் நகரில் அரச நிர்வாகியாக இருந்தார். அந்த வேலைக்கு நடுவே அவர் கேட்ட கேள்வி இதுதான்: ஓர் இரும்புத் துண்டின் ஒரு முனையைச் சூடாக்கினால் மற்ற முனைக்கு வெப்பம் எப்படிப் போகிறது?

அவருடைய பதில் எளிமையானது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும். இரண்டுக்கும் இடையே சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு வேகமாகப் போகும். 1807இல் பாரிஸில் அவர் இதை முன்வைத்தபோது, அந்தக் காலத்தின் பெரிய கணித மேதையான லக்ராஞ்சே அவருடைய கணித முறையை ஏற்கவில்லை. ஃபூரியேயின் நூல் 1822இல்தான் வெளிவந்தது.

அந்த நூலை ஜேர்மனியில் ஒரு பள்ளி ஆசிரியர் படித்தார். அவர் பெயர் கியோர்க் ஓம். ஆம், உங்கள் பௌதிகப் பாடத்தில் வரும் அதே ஓம்தான். கொலோன் நகரில் படிப்பித்துக்கொண்டு, கிடைத்த கருவிகளை வைத்துப் பரிசோதனை செய்தவர். வெப்பம் சரிவில் இறங்குவது போல மின்சாரமும் இறங்குகிறது என்று வைத்துப் பார்த்தால் என்ன என்று அவர் யோசித்தார். 1827இல் புத்தகம் வந்தது. சொந்த நாட்டில் அதற்குச் சரியான வரவேற்பு இல்லை. 1841இல் லண்டன் ரோயல் சொசைட்டி கொப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது.

மூன்றாவது ஆள் அடோல்ஃப் ஃபிக். இவர் மருத்துவம் படித்தவர். சூரிச்சில் உடற்கூற்றியல் துறையில் இருந்தார். உடலின் மென்சவ்வுகள் வழியே உப்பு எப்படி ஊடுருவுகிறது என்பதை அறிய விரும்பினார். அடியில் உப்பை வைத்து மேலே நீர் விட்ட பாத்திரத்தில், எந்த உயரத்தில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்தார். 1855இல், இருபதுகளின் நடு வயதில், அவர் எழுதியதும் அதே வசனம்தான். உப்பு செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவும், சரிவுக்கு ஏற்ற வேகத்தில். ஃபூரியேயும் ஓமும் போன வழியிலேயே தானும் போவதாக அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

வெப்பம், மின்சாரம், உப்பு. மூன்று நாடுகள், மூன்று துறைகள், ஒரே வடிவச் சமன்பாடு. அதன் உள்ளடக்கம் ஒரு கடைக்காரரின் கணக்குப் புத்தகம் மாதிரித்தான்: வந்தது, போனது, மிஞ்சியது. ஒரு சின்னப் பெட்டிக்குள் வந்ததிலிருந்து போனதைக் கழித்தால், அங்கே சேர்ந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

எட்டிக்காய் தந்த விதி

இந்த மூன்றும் பயணத்தைச் சொல்கின்றன. ஆனால் அயன் துகளின் வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகு, உள்ளே போக எவ்வளவு மின்னழுத்தம் தேவை? அதைச் சொல்ல வேறொரு விதி வேண்டும்.

நமது ஊர்களில் எட்டி என்றும் காஞ்சிரை என்றும் ஒரு மரம் உண்டு. கசப்புக்கு உவமை சொல்ல நாம் எட்டிக்காயைத்தான் சொல்வோம். அதன் விதையில் இருக்கும் கடும் நஞ்சின் பெயர் ஸ்ட்ரிக்னின். ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வேலை செய்த யூலியஸ் டாஃபல் என்ற சுவிஸ் நாட்டில் பிறந்த வேதியியலாளர், அந்த நஞ்சை மின்சாரத்தின் உதவியால் வேறொரு பொருளாக மாற்ற முயன்றார். அப்போது மின்வாயில் ஹைட்ரஜன் குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன. அவர் தேடியது அது இல்லை. ஆனாலும் அந்தக் குமிழ்களைக் கவனித்து அளந்தார்.

1905இல் அவர் வெளியிட்ட விதி வியப்பானது. சாதாரண கம்பியில் மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினால் மின்னோட்டமும் இரு மடங்காகும். மின்வாயின் மேற்பரப்பில் அப்படி இல்லை. அங்கே பல தாக்கங்களுக்கு ஏறத்தாழ 0.12 வோல்ட் கூட்டினால் மின்னோட்டம் 10 மடங்காகும். இன்னொரு 0.12 வோல்ட் கூட்டினால் 100 மடங்கு. இன்னொன்று கூட்டினால் 1000 மடங்கு. கூட்டல் ஒரு பக்கம், பெருக்கல் மறு பக்கம்.

இங்கிலாந்தின் பட்லர் 1924இலும், பெர்லினில் மக்ஸ் வோல்மரும் ஹங்கேரியரான எர்டே-குரூஸும் 1930இலும், இந்த விதியின் காரணத்தைச் சொன்னார்கள். மேற்பரப்பில் எப்போதும் இரண்டு ஓட்டங்கள் இருக்கின்றன. உள்ளே போகும் அயன்கள் ஒரு பக்கம், வெளியே வரும் அயன்கள் மறு பக்கம். நாம் அளக்கும் மின்னோட்டம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. இன்று இதைப் பட்லர்-வோல்மர் சமன்பாடு என்கிறோம்.

எல்லாத் துளைகளையும் வரையாமல் விடும் துணிவு

இப்போது துண்டுகள் எல்லாம் கையில் இருக்கின்றன. ஆனாலும் இட்லிக்குள் அவற்றைப் பொருத்த முடியவில்லை. ஏன்? ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு வடிவம். வளைந்தும் நெளிந்தும் கிளை விட்டும் போகும். அத்தனைக்கும் கணக்கு எழுத எந்த மனிதராலும் முடியாது. அந்தக் காலத்துக் கணினியாலும் முடியாது.

சோவியத் ஒன்றியத்தில் டேனியல்-பெக் 1948இல் இதற்கு ஒரு பாதையைக் காட்டினார். வேறு சிலரும் தனித்தனியே முயன்றார்கள். பெரிய படி 1962இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எடுக்கப்பட்டது. அங்கே சார்ள்ஸ் டோபியாஸ் என்ற பேராசிரியர் இருந்தார். 1920இல் புடாபெஸ்டில் பிறந்து, போருக்குப் பின் 1947இல் அமெரிக்காவுக்கு வந்தவர். மின்வேதிப் பொறியியல் என்ற துறையையே அங்கே கட்டி எழுப்பியவர். அவருடைய மாணவர் ஜோன் நியூமன். வயது 24 அளவில்.

அவர்கள் செய்தது என்ன என்று ஓர் உவமை சொல்கிறேன். ரொறொன்ரோவில் எத்தனை பேர் எங்கே வசிக்கிறார்கள் என்று சொல்ல, ஒவ்வொரு வீட்டையும் வரைய வேண்டியதில்லை. ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்று சொன்னால் போதும். எந்த ஒரு புள்ளியிலும் அரை மனிதர் நிற்பதில்லை, உண்மைதான். ஆனாலும் பஸ் எங்கே ஓட வேண்டும், பள்ளிக்கூடம் எங்கே கட்ட வேண்டும் என்று முடிவு செய்ய அந்த எண் உதவுகிறது.

நியூமனும் டோபியாஸும் மின்வாயை அப்படிப் பார்த்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் திண்மமும் திரவமும் சேர்ந்தே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டார்கள். உதாரணமாக, இந்த இடத்தில் 30 சதவீதம் திரவம், மீதி திண்மம். ஓர் அளவு இடத்தில் தாக்கம் நடக்கும் பரப்பு இவ்வளவு. துளைகளின் வடிவம் மறைந்துவிட்டது. அதற்குப் பதில் இரண்டு மூன்று எண்கள் வந்தன. திடீரென்று ஓமும் பட்லரும் வோல்மரும் உள்ளே வந்து உட்கார இடம் கிடைத்தது. மின்னோட்டம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவுமா, ஓரத்தில் குவியுமா என்பதை இப்போது தாளில் கணக்கிட முடிந்தது.

கணினித் துறையில் வேலை செய்யும் எனக்கு இந்தப் படிதான் மிகவும் பிடித்தது. ஒரு பெரிய அமைப்பை மாதிரியாக வரையும்போது எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் கடினம். எல்லாவற்றையும் வரைந்த வரைபடம் ஊரின் அளவுக்கே பெரிதாகிவிடும். யாருக்கும் பயன்படாது.

வளைந்த துளைகளுக்குள் அயன் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதற்கு ஒரு சின்ன விதி தேவைப்பட்டது. அதுவும் வெளியிலிருந்தே வந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த புரூகமன் 1935இல், பல பொருள்கள் கலந்த ஒரு கலவையின் மின் பண்புகளைக் கணக்கிட ஒரு முறை எழுதினார். அதைப் பற்றரிக்குக் கொண்டுவந்தால் கணக்கு இப்படி வரும். திரவத்தின் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள், 0.3. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.55. இரண்டையும் பெருக்குங்கள், 0.16. அதாவது திறந்த பாத்திரத்தில் போகும் வேகத்தில் ஆறில் ஒரு பங்குதான் அந்தத் துளைகளுக்குள் கிடைக்கும்.

1993: எல்லாரும் ஒரே வீட்டில்

கவனியுங்கள், 1962இல் லித்தியம் அயன் பற்றரி என்று ஒன்று இல்லை. விட்டிங்ஹாம் 1970களில் வழி திறந்தார். குட்இனஃப் 1980இல் கோபால்ட் ஒக்சைட் மின்வாயைக் கண்டார். யோஷினோ 1985இல் முழுப் பற்றரியைக் கட்டினார். சோனி நிறுவனம் 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. இந்தக் கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

அதிகம் எழுதப்படாதது பக்கத்து அறையில் நடந்த கதை. இந்த 30 ஆண்டுகளும் நியூமன் பெர்க்லியில் துளைகள் நிறைந்த மின்வாயின் கணக்கைக் கூர்மையாக்கிக்கொண்டே இருந்தார். இத்தகைய சமன்பாடுகளைக் கணினியில் ஒன்றாகத் தீர்க்க ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதினார். 1973இல் பாடநூல் எழுதினார். 1975இல் டீடமன் என்பவருடன் சேர்ந்து, அதுவரை தெரிந்த அனைத்தையும் ஒரே கட்டுரையில் தொகுத்தார். எனவே லித்தியம் பற்றரி வந்து கதவைத் தட்டியபோது, அதற்கான கணக்கு ஏறத்தாழத் தயாராக இருந்தது.

1993இல் மார்க் டொயில், தோமஸ் புல்லர், ஜோன் நியூமன் மூவரும் லித்தியம் பற்றரிக்கான மாதிரியை வெளியிட்டார்கள். அதில் ஐந்து கேள்விகள் ஒரே நேரத்தில் கேட்கப்படுகின்றன.

ஒன்று, ஒவ்வொரு துகளுக்குள்ளும் லித்தியம் எப்படிப் பரவுகிறது? இங்கே ஃபிக் பேசுகிறார். இரண்டு, துளைகளின் திரவத்தில் அயன் எப்படிப் போகிறது? இங்கே ஃபிக்கும் புரூகமனும். மூன்று, திண்மத்தில் மின்னழுத்தம் எப்படி மாறுகிறது? ஓம். நான்கு, திரவத்தில் மின்னழுத்தம் எப்படி மாறுகிறது? ஓம், ஆனால் செறிவுக்காக ஒரு திருத்தத்துடன். ஐந்து, இரண்டும் சந்திக்கும் மேற்பரப்பில் எவ்வளவு தாக்கம் நடக்கிறது? பட்லரும் வோல்மரும்.

ஐந்தும் ஒன்றையொன்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றைத் தனியாகத் தீர்க்க முடியாது. படலத்தின் தடிப்பின் வழியே ஒரு நீளம், ஒவ்வொரு இடத்திலும் ஒரு துகளின் உள்ளே இன்னொரு நீளம். அதனால் இதைப் போலி இருபரிமாண மாதிரி என்றும் அழைக்கிறார்கள். 1994இல் இரண்டு மின்வாய்களும் லித்தியத்தை உள்வாங்கும் பற்றரிக்கு, அதாவது நமது போனில் இருக்கும் வகைக்கு, இதை விரித்தார்கள். அந்த நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்தே வைத்தார்கள்.

பஸ் வாசலில் நெரிசல்

இப்போது நமது கேள்விகளுக்குத் திரும்புவோம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் கிரபைட் துகள்களுக்குள் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறியிருக்கிறீர்களா? எல்லாரும் வாசலிலேயே நிற்பார்கள். நடுவில் இடம் இருக்கும். நடத்துநர் "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" என்று கத்திக்கொண்டே இருப்பார். துகளிலும் அதேதான் நடக்கிறது. மேற்பரப்பு நிறைந்துவிடும், உள்ளே காலியாக இருக்கும்.

உள்ளே பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஃபிக் தந்த சமன்பாட்டிலிருந்து ஒரு தோராய விதி கிடைக்கிறது. ஆரையை ஆரையால் பெருக்கி, பரவும் எண்ணால் வகுக்க வேண்டும். துகளின் ஆரை 5 மைக்ரோமீட்டர் என்று வைப்போம். 5ஐ 5ஆல் பெருக்கினால் 25. பரவும் எண்ணை நமது கணக்குக்காக 0.01 என்று எடுத்துக்கொள்வோம், அதாவது ஒரு செக்கனுக்கு 0.01 சதுர மைக்ரோமீட்டர். 25ஐ 0.01ஆல் வகுத்தால் 2500 செக்கன். ஏறத்தாழ 42 நிமிடம்.

இப்போது ஆரையைப் பாதியாக்குங்கள், 2.5 மைக்ரோமீட்டர். பெருக்கினால் 6.25, வகுத்தால் 625 செக்கன். 10 நிமிடம்தான். பாதி அளவு, கால் பங்கு நேரம். அப்படியென்றால் துகளை இன்னும் இன்னும் சின்னதாக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. துகளின் ஆரையைப் பாதியாக்கினால் அதே அளவு பொருளின் மேற்பரப்பு இரு மடங்காகும். மேற்பரப்பில் தேவையற்ற பக்கத் தாக்கங்களும் நடக்கும். அவை லித்தியத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். பற்றரி சீக்கிரம் கிழடாகும்.

கடைசி 20 சதவீதம் மெதுவாக ஏறுவதற்கு இதுதான் காரணம். வாசல் நிறைந்துவிட்டதால் சார்ஜர் மின்னோட்டத்தைக் குறைத்து, வந்தவர்கள் உள்ளே நகர நேரம் கொடுக்கிறது. குளிரில் போன் அணைவதற்கும் பதில் இங்கேதான். குளிரில் பரவலும் கடத்துதிறனும் மேற்பரப்புத் தாக்கமும் எல்லாமே மந்தமாகிவிடுகின்றன. மின்னழுத்தத்தில் வழமையைவிடக் கூடுதலான பங்கு உள்ளேயே செலவாகிறது. வெளியே வரும் மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனதும், பற்றரி காலி என்று நினைத்து போன் அணைந்துவிடுகிறது. சரக்கு கிடங்கில் இருக்கிறது, வீதிதான் பனியில் உறைந்துவிட்டது.

வாசல் நிறைந்த பிறகும் வலுக்கட்டாயமாகத் தள்ளினால் என்ன ஆகும்? உள்ளே போக முடியாத லித்தியம் துகளின் மேலே உலோகமாகப் படியும். அது ஊசி போல வளர்ந்து மறு பக்கத்தைத் தொட்டால் குறுஞ்சுற்று ஏற்படும், தீயும் பிடிக்கலாம். இது முதலில் எங்கே நடக்கும் என்று மாதிரி சொல்கிறது. கிரபைட் படலத்தில், இரண்டு மின்வாய்களையும் பிரிக்கும் மென்படலத்துக்கு அருகே உள்ள ஓரத்தில். வேகமாக ஏற்றும்போது தாக்கம் அங்கேதான் குவிகிறது. சாதாரண போனுக்குள்ளோ காருக்குள்ளோ அந்த ஓரத்தைத் தனியே அளக்கும் கருவி கிடையாது. வெளியே தெரிவது மின்னோட்டம், மின்னழுத்தம், வெப்பநிலை மட்டுமே. உள்ளே ஆபத்து தொடங்கிவிட்டதா என்பதைக் கணக்கால்தான் ஊகிக்க வேண்டும்.

காரைக்குடியிலிருந்து ஒரு கிளை

இந்தக் கதை நமது மண்ணையும் தொடுகிறது. தமிழ்நாட்டின் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து அது தங்கள் ஊருக்கு வர வழி செய்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

அங்கே இளநிலைப் பொறியியல் படித்து 1997இல் வெளிவந்தவர் வெங்கட் சுப்பிரமணியன். பிறகு அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வைட் என்ற பேராசிரியரிடம் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ரால்ஃப் வைட் பெர்க்லியில் நியூமனின் மாணவர். ஆக, புடாபெஸ்டிலிருந்து பெர்க்லிக்கு வந்த வழி காரைக்குடியிலிருந்து போன வழியைத் தென் கரோலினாவில் சந்திக்கிறது.

சுப்பிரமணியனும் அவர் குழுவினரும் எடுத்துக்கொண்ட பிரச்சினை வேகம். 1993 மாதிரியில் சமன்பாடுகளைத் தீர்க்க நேரம் ஆகும். காருக்குள் இருக்கும் சிறிய கணினி அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. எனவே அதே பௌதிகத்தை வைத்துக்கொண்டு, கணிதத்தை வேறு வடிவில் மாற்றி எழுதி, மில்லிசெக்கன்களில் தீர்க்கும் வழிகளை அவர்கள் தேடினார்கள். எதை விடலாம், எதை விடக் கூடாது என்ற 1962இன் கேள்விதான் மறுபடியும்.

மாதிரி சொல்லாதவை

இந்த மாதிரி எல்லாம் அறிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒவ்வொரு துகளையும் உருண்டை என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் கிரபைட் துகள்கள் பல, நசுங்கிய அவல் மாதிரி இருக்கும். எல்லாத் துகளும் ஒரே அளவு என்கிறது. உண்மையில் பெரிதும் சிறிதும் கலந்திருக்கும். அதற்குக் கொடுக்க வேண்டிய எண்கள் நிறைய. அவற்றில் சிலவற்றை அளப்பது மிகக் கடினம். மேலே நான் எடுத்த 0.01 என்ற எண்ணையே பாருங்கள். பொருள் மாறினாலும், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது மாறினாலும் அது பல மடங்கு மாறும். பற்றரி எப்படி முதுமையடைகிறது என்பதும் ஆரம்ப மாதிரியில் இல்லை. பிறகு வந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்துவருகிறார்கள்.

ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஃபூரியேக்குப் பற்றரியில் அக்கறை இல்லை. ஃபிக் தேடியது உடலை. டாஃபல் தேடியது ஒரு நஞ்சின் மறுவடிவத்தை. தங்கள் கேள்விக்கு அவர்கள் கவனமாக எழுதிய பதில், தாங்கள் பார்த்திராத ஒரு பொருளுக்குள் இன்று வேலை செய்கிறது. அதைச் செய்ய இன்னொருவர் தேவைப்பட்டார். வேறு துறையின் மொழியைப் படித்து, இது நமக்கும் பொருந்துமே என்று கண்டவர். இரண்டு மொழிகளுக்கு நடுவே வளரும் உங்களுக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் ஒரு சொல், பள்ளியில் வேறொரு சொல், பொருள் ஒன்று என்று தினமும் கண்டுகொண்டுதானே இருக்கிறீர்கள்.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு செய்தி. 1993 மாதிரியை இன்று பைபாம் என்ற இலவச, திறந்த மூல நிரலில் யாரும் ஓட்டிப் பார்க்கலாம். பைத்தன் மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும். முதலில் துகளின் ஆரையைப் பாதியாக்குங்கள். பிறகு வெப்பநிலையைக் குறையுங்கள். வளைகோடு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். உங்கள் போன் குளிரில் அணைந்ததற்கான காரணம் அந்தத் திரையில் ஒரு கோடாகத் தெரியும்.